விடிந்தது தெரிகிற வீடு

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயந்தான். அரச அலுவலகமொன்றிலே 32 வருடங்கள் படவரைஞனாக இருந்து, பிறருடைய கட்டடங்களுக்குக் கோடு கீறியே கண் மங்கியவன் நான். ஆனாலும், நெய்தலை மறந்துவிட்டுத் தமிழ் இலக்கியம் பேச முடியுமா? சங்கப் பாடல்களிலே பரதவரின் குடில்கள் வருகின்றன. புல்லால் வேய்ந்த சின்னஞ்சிறு குடில்கள். முன்னாலே வலை உலர்த்துகிற மணல் முற்றம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, என்று இலக்கணம் வகுத்தார்கள். என் அக்கா விரும்பியதோ அதற்கு நேரெதிரான பொழுதை, விடியலை. அந்த விடியலுக்காக நாங்கள் கட்டிய ஒரு சின்ன வீட்டைப் பற்றியதே இன்றைய உரை.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலே, வலிகாமம் வடக்கிலே எங்கள் ஊர். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே ஊரோடு எழும்பினோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றுதான் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனார் அக்கா. 2017 ஆடியிலே மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. அதற்குப் பின்னரே எங்கள் காணியும் கைக்கு வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது, பூட்டைத் திறப்பதற்குக் கதவும் இல்லை, கதவைத் தாங்கச் சுவரும் இல்லை. பற்றைக்குள்ளே ஒரு கற்குவியல் கிடந்தது. கிணறு மட்டும் எங்களை அடையாளம் கண்டுகொண்டது போல அப்படியே இருந்தது.

இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை அக்கா முகாமிலே கழித்தார். தகரமும் தறப்பாளுமாக ஒரு கொட்டில். அதற்கு யன்னல் கிடையாது. இரவா பகலா என்று அறியக் கதவைத் திறந்து பார்க்கவேண்டும். ஆகையால், "அக்கா, எப்படி வீடு வேணும்?" என்று நான் பென்சிலும் கையுமாகக் கேட்டபோது, அவர் ஒரு வசனத்திலே பதில் சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்குப் பெரிய வீடு வேண்டாம். படுத்த இடத்தில கிடந்துகொண்டே, விடிஞ்சா விடிஞ்சது தெரிய வேணும்."

32 வருட உத்தியோகத்திலே இவ்வளவு தெளிவான கட்டளை எனக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

நான் முதலில் கீறிய படம், உண்மையைச் சொன்னால், எனக்காகக் கீறிய படம். சஞ்சிகைகளிலே வருகிற கடற்கரை வீடுகளைப் பார்த்துப் பார்த்து மனதிலே ஊறிப்போன ஆசை அது. வடக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி, அதற்கப்பால் கடல். மேலே கிடுகுக் கூரை. படத்தை விரித்துக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"கடற்கரைச் சனம் கடலுக்கு இவ்வளவு பெரிய யன்னல் வைக்கிறேல்லைத் தம்பி. வாடைக்கு உப்பு வந்து அடிக்கும். நீ வந்து துடைப்பியோ?"

நான் வாயடைத்துப் போனேன். கடலை அழகென்று பார்ப்பவனுக்கும் கடலோடு குடியிருப்பவளுக்கும் உள்ள தூரம் அந்தக் கேள்வியிலே இருந்தது. காற்றை வைத்துக் கணக்குப் பார்த்தால் அக்கா சொன்னது அச்சொட்டாகச் சரி. எங்கள் கரைக்குக் கடல் வடக்கே. ஐப்பசி தொடக்கம் மாசி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடலின் மேலாக மழையையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வரும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து, தரைப் பக்கமாக வீசும். அது வரண்ட காற்று. வேர்வை ஆற்றும் காற்று. ஆகவே வீடு தன் முதுகைக் கடலுக்கும் முகத்தைத் தெற்குக்கும் காட்டவேண்டும். எங்கள் முன்னோர் வீடுகள் இப்படித்தான் இருந்தன. அதை நான் பழமை என்று எண்ணியிருந்தேன்; காற்றைப் படித்தவர்களின் கணக்கு என்று அறுபது வயதுக்குப் பின்னர்தான் விளங்கியது.

வெயிலின் கணக்கும் உண்டு. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நேரே தலைக்கு மேலே நிற்கும். அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்து நிற்கும். மற்றைய மாதங்களில் தெற்கே. தெற்கே ஏழடி விறாந்தை ஒன்றும், வடக்கே சுவருக்கு வெளியே இரண்டரை அடி நீட்டிய தாழ்வாரமும் இருந்தால், வருடம் முழுவதும் உச்சி வெயில் சுவரைத் தொடாது. வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும் என்பதுதான் எங்கள் நாட்டு வீட்டுக்குரிய சூத்திரம்.

அப்படியானால் வெளிச்சம் எப்படி உள்ளே வரும்? முற்றத்து மணலிலே பட்டு, மேலெழுந்து, விறாந்தையின் கூரையடியிலே பட்டு, அங்கிருந்து வெள்ளைச் சுவருக்குத் தாவி வரும். இரண்டு மூன்று இடங்களில் பட்டு வருகிற வெளிச்சம் கண்ணைக் குத்தாது. கண்ணிலே வெண்புரை அகற்றிய அக்காவுக்கு அது மிகவும் முக்கியம். ஆனால் வெறும் வெண்மணல் கூசச் செய்யும். ஆகையால் முற்றத்திலே பாதியை அடம்பன் கொடிக்கு விட்டோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள் அல்லவா? அந்த மிடுக்கு மணலைப் பிடித்துவைக்கிறது. கண்ணுக்கும் குளிர்ச்சி தருகிறது. 

இரண்டாவது படம் இப்படி அமைந்தது. கிழக்கு மேற்காக 26 அடி, தெற்கு வடக்காக 20 அடி. மொத்தம் 520 சதுர அடி. தெற்கே ஏழடி அகல விறாந்தை. அதன் பின்னே மூன்று பகுதிகள்: கிழக்கிலே பத்தடி அகலத்தில் படுக்கையறை, நடுவிலே எட்டடிக் கூடம், மேற்கிலே எட்டடிக் குசினி. பின்னேர வெயிலைக் குசினிச் சுவர் தாங்கிக்கொள்ளும். குளிக்கும் இடமும் மலகூடமும் கிணற்றுக்கு எட்டத்தில், புறம்பாக.

கிழக்குச் சுவரிலே நாலடி அகலமான ஒரு யன்னல். அதன் அடிக்கட்டு நிலத்திலிருந்து 18 அங்குலம் மட்டுமே. அலுவலகத்திலே இப்படி ஒரு யன்னலைக் கீறியிருந்தால் தாளைத் திருப்பி எறிந்திருப்பார்கள். ஆனால் கட்டிலிலே படுத்திருக்கிறவரின் கண்மட்டம் அதுதான். சூரியன் ஆனியிலே கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே விலகி உதிக்கும். மார்கழியிலே அதேயளவு தெற்கே விலகும். இந்த ஊசலாட்டம் முழுவதற்கும் இடம் விடவே நாலடி அகலம். உள்ளே கண்ணாடி, வெளியே சாய்பலகைக் கதவு. மழை அடித்தால் பலகையைச் சாத்தலாம். இடுக்குகளாலே விடியல் அப்போதும் கோடு கோடாக வரும்.

இந்த இடத்திலே, கடலோரத்தில் சின்ன வீடு கட்டிய ஒரு பெரியவரை நினைக்காமல் இருக்க முடியாது. லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர், உலகத்தின் பெரிய நகரங்களுக்கெல்லாம் திட்டம் வரைந்தவர். பிரான்ஸ் நாட்டின் தென்கரையிலே, மத்தியதரைக் கடலைப் பார்த்த ஒரு சரிவிலே, 1952 இல் தனக்கென்று ஒரு மரக்குடில் அமைத்தார். நீளமும் அகலமும் 3.66 மீற்றர், எங்கள் கணக்கில் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. உயரம் ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவு. வெளியே பட்டை உரிக்காத பைன் மரம். குசினி இல்லை, பக்கத்திலே இருந்த சிறு உணவகத்திலே சாப்பாடு. கடலைப் பார்க்கும் யன்னல்களோ 70 சென்ரிமீற்றர் சதுரம். யன்னல் கதவின் உட்புறத்திலே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து, கடலின் ஒளியை அறைக்குள்ளே திருப்பினார். 1965 ஆகஸ்ட் 27 ஆம் திகதி, அந்தக் கரையிலேயே நீந்தப் போனவர் திரும்பி வரவில்லை. 2016 இல் அந்தப் பன்னிரண்டடிக் குடில் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்ந்தது.

அவருடைய நண்பராயிருந்தவர் எங்கள் நாட்டுக் கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா. 1918 இல் கண்டியிலே பிறந்து 1998 இல் மறைந்தவர். நவீன வீடுகளைக் கட்டியபோதே, தும்பறைப் பாய் நெசவுகளையும் உள்ளூர்ச் சுடுமண் ஓடுகளையும் அவற்றிலே இடம்பெறச் செய்தார். நெசவாளரும் குயவரும் தச்சரும் வாழ்ந்தால்தான் அந்த வீடும் வாழும் என்பதை அவருடைய வேலையிலே காண்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கும் அக்காவுக்கும் நடந்த அடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான்.

கண்ணாடிச் சுவரை விட்டுக்கொடுத்த நான் கிடுகுக் கூரையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கிடுகின் கீழ் இருக்கிற குளிர்மை ஓட்டின் கீழ் வராது. அதன் மணமும் வராது. சின்ன வயதிலே நாங்கள் படுத்த கூரை அது. அக்கா மறுக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆர் வேயிறது?"

"ஆள் பிடிக்கலாம் அக்கா."

"முந்தி ஆள் பிடிச்சே வேய்ஞ்சனாங்கள்? அயலட்டை எல்லாம் வந்து ஒரு பகலில முடிச்சுப்போட்டு, புழுக்கொடியலும் தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போகுங்கள். இப்ப அந்தப் பெடியங்கள் எங்க? என்ர மூண்டும் கனடாவில."

நேயர்களே, இயற்கைப் பொருட்களால் வீடு கட்டுவது பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கடற்கரையிலே கிடுகுக்கு ஆயுள் ஒன்று அல்லது இரண்டு வருடம். சுண்ணாம்புச் சுவருக்கு வருடா வருடம் வெள்ளை பூசவேண்டும். பனை மரத்தைச் செல் அரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இயற்கைப் பொருள் என்றால் திரும்பத் திரும்பக் கை படவேண்டிய பொருள். எங்கள் ஊர்களிலே அந்தப் பொருட்கள் மறைந்ததற்கு நாகரிக மோகத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கைகள் சிதறிப்போயின. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற கைகளாலே இங்கே ஒரு கூரையை வேய முடியாது. காசு அனுப்பலாம், காசு சீமெந்தாகத்தான் மாறும்.

ஆகையால் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். வீட்டின் மேலே சுடுமண் ஓடு. விறாந்தைக்கு மட்டும் கிடுகு. அக்காவும் அயலிலே திரும்பி வந்து குடியேறிய நாலைந்து பெண்களும் இருந்து பின்னக்கூடிய அளவு அது. எவ்வளவு பொறுப்பைச் சுமக்க முடியுமோ அவ்வளவு கிடுகு. என் வாழ்நாளிலே நான் செய்த மிக நேர்மையான வடிவமைப்பு அதுவென்று நினைக்கிறேன்.

சுவருக்குக் கல் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. பற்றைக்குள் கிடந்த பழைய வீட்டுக் கற்களையே எடுத்தோம். எங்கள் பேரனார் காலத்துச் சுண்ணக்கற்கள். அக்கா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "இது குசினிக் கல்லு, புகை பிடிச்சிருக்கு" என்பார். கடற்கரையிலே சீமெந்துப் பூச்சுக்குள் உப்பு அகப்பட்டுவிட்டால் சுவர் செதில் செதிலாக உதிரும். கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பி துருவேறிப் பருத்து, கொங்கிறீற்றையே பிளக்கும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும்; ஆனால் ஈரத்தை வெளியே விடும், சுவர் மூச்செடுக்கும். சாந்துக்குக் கடற்கரை மணல் கூடாது. உப்பு அதிலேயே இருக்கிறது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய உள்ளூர் மணல். இந்தக் கலவையின் பதம் தெரிந்த மேசன் ஒருவரைத் தேடித்தான் நாங்கள் அலைந்தோம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கிடைத்தார். கரண்டியாலே ஒரு தரம் கிளறிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூண்டு நாள் கிடக்கட்டும்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். அவரிடம் வேலை பழக இரண்டு பெடியன்கள் வந்தார்கள். வீடு முடிய முன்னர் அவர்களுக்கும் அந்தப் பதம் பிடிபட்டுவிட்டது. அது எனக்கு வீட்டை விடப் பெரிய சந்தோசம்.

கூரைக்கு வைரம் ஏறிய பனை வளையும் பனஞ்சிலாகையும். ஆணிகள் நாகம் பூசியவை, பிணைச்சல்கள் பித்தளை. பழைய வீடு இருந்த இடத்தை விட்டு, கிணற்றுக்குப் பின்னே, கடலுக்கு இன்னும் எட்டத்தில் அத்திவாரம் வெட்டினோம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதானாலும் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும், பெற்றோம். தளத்தை மூன்றடி உயர்த்தினோம். 2004 மார்கழி 26 ஆம் திகதிக்குப் பின்னர், கடலுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதை இந்த நாட்டிலே யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வேலை முடியும் தறுவாயிலே அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அடுப்படிக்குப் பக்கத்து வடக்குச் சுவரைக் காட்டினார்.

"இதில ஒரு சின்ன ஓட்டை விடேலுமோ தம்பி?"

"கடலுக்கு யன்னல் வேண்டாமெண்டியள்?"

"பெரிசு வேண்டாமெண்டனான். நிண்டு சமைக்கேக்க கண் போற இடத்தில, ஒரு சுளகளவு."

பிறகு சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "அத்தான்ர வெளிச்சம் வருதோ எண்டு பாத்துப் பாத்துத்தானே அப்ப சமைச்சனான்."

அத்தான் இரவிலே தொழிலுக்குப் போனவர். வள்ளத்து விளக்கு கரை திரும்புவதை அக்கா பழைய குசினியிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் இறந்தது முகாமிலே, கடலே தெரியாத ஓரிடத்தில். மேசன் ஒன்றும் பேசாமல் சுவரிலே இரண்டு கல்லைக் கழற்றினார். யன்னலை அளந்து பார்த்தேன்: இரண்டடிக்கு இரண்டடியிலும் சற்றுக் கூட. லெ கொர்பூசியேயின் யன்னலும் ஏறக்குறைய அந்த அளவுதான். அவர் எத்தனை கணக்குப் போட்டு அந்த அளவுக்கு வந்தாரோ, அக்கா சுளகாலே வந்து சேர்ந்துவிட்டார்.

2019 இலே வீடு குடிபூரல். அடுத்த வருடம், 2020 மார்கழித் தொடக்கத்திலே புரெவிப் புயல். நான் யாழ்ப்பாண நகரிலே இருந்தேன். இரவு முழுவதும் நித்திரை இல்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். ஓடுகள் சில விலகியிருந்தன. சுவருக்கு ஒன்றுமில்லை. விறாந்தைக் கிடுகு அரைவாசி பறந்துபோய் வேலியிலும் பற்றையிலும் தொங்கியது. எனக்கு மனம் விழுந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஓட்டையே போட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

முற்றத்திலே பெண்கள் வட்டமாக இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு பழகிய அந்த இரண்டு பெடியன்களும் வளையிலே ஏறி நின்றார்கள். இன்னும் மூன்று நாலு பேர், எனக்கு முகம் தெரியாதவர்கள், கீழிருந்து கிடுகை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கூலிக் கணக்குக் கேட்டேன். சிரித்தார்கள். பொழுதுபட முன்னர் வேலை முடிந்தது. அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். புழுக்கொடியலும் இருந்தது.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். விறாந்தையிலே பாய். புதுக் கிடுகின் பச்சை மணம். விடியப்புறம் அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, எழும்பு. விடிஞ்சுபோச்சு."

எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிலை விட்டு இன்னும் எழும்பவில்லை. தாழ்ந்த யன்னலாலே வந்த வெளிச்சம் கட்டில் விளிம்பைத் தொட்டு, எதிர்ச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேயர்களே, கடலோரத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் எவராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இந்தப் பழைய படவரைஞன் சொல்லக்கூடியது அதிகமில்லை. படம் கீறுவதற்கு முன்னர், எந்தப் பக்கத்தால் காற்று வரும் என்று கேளுங்கள். அங்கே படுக்கப் போகிறவர் காலையில் எதைப் பார்க்க விரும்புகிறார் என்று கேளுங்கள். அடுத்த வருடம் கூரை வேய யார் வருவார் என்றும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், வீட்டுக்கு முன்னர் அயலைத்தான் கட்டவேண்டியிருக்கும்.